மெமரி ஃபோம் மெத்தையும் நம்ம ஊர் வெயிலும்

கட்டில் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற நம் மக்கள், மெத்தை என்று வந்தால் மட்டும் பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறார்கள். சந்தையில் கத்திரிக்காயை அமுக்குகிற மாதிரி உள்ளங்கையால் ஒரு அமுக்கு, ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குலுக்கு, "நல்லா மெத்துனு இருக்கு, பில் போட்டுடுங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். தேக்குக் கட்டிலைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஆசாரியைக் கூட்டி வந்து காட்டி வாங்குகிறவர்தான் இதையும் செய்கிறார். ஆனால் எட்டு பத்து வருடம் முதுகு படப்போவது தேக்கின் மேல் அல்ல!

மெத்தைக்கு நம் ஊரில் எப்போதுமே ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. தாத்தா காலத்தில் இலவம்பஞ்சு மெத்தை. அப்புறம் ரப்பர் ஃபோம் எதுவாக இருந்தாலும் 'டன்லப்'. தென்னை நாரில் ரப்பர் பால் சேர்த்துச் செய்த மெத்தை எந்தக் கம்பெனியுடையது என்றாலும் 'குர்லான்'. (அந்தக் குர்லானையே 2023ல் ஸ்லீப்வெல் மெத்தை தயாரிக்கும் ஷீலா ஃபோம் வாங்கிவிட்டது என்பது வேறு கதை.) இப்போதைய மந்திரச் சொல் 'மெமரி ஃபோம்'. கல்யாணச் சீர்வரிசை முதல் ஐ.டி. பையன்கள் சேர்ந்து எடுக்கும் வாடகை வீடு வரை, மெத்தை என்றால் இதுதான் என்று ஆகிவிட்டது. மாதத் தவணையில்கூடக் கிடைக்கிறது. தவணை கட்டி வாங்குகிற பொருள் என்பதால்தான் அது என்ன, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த நாசா கதை. விளம்பரங்களைப் பார்த்தால் நிலாவுக்குப் போனவர்கள் எல்லாம் இதில் படுத்துத் தூங்கினார்கள் என்று தோன்றும். உண்மை கொஞ்சம் வேறு. 1966ல் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். நோக்கம், விமான இருக்கைகளுக்கு மெத்தை. விபத்தில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும், நீண்ட பயணத்தில் உட்கார வசதியாகவும் இருக்க வேண்டும். தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விண்வெளி நிலையத்தில் எடையே கிடையாது என்பதால் அங்கே இருப்பவர்கள் சுவரில் கட்டிய தூங்கும் பைக்குள் புகுந்துகொண்டு தூங்குகிறார்கள். மெத்தைக்கு அங்கே வேலையே இல்லை :-) இந்த ஃபோமைப் படுக்கையாக்கி 1991ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் ஃபாகர்டாலா நிறுவனம். 'டெம்பூர்' என்பது அதன் பெயர்.

ஸ்வீடன் என்ற ஊர்ப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

மெமரி ஃபோம் என்பதும் பாலியூரித்தேன்தான், சோபாவுக்குள் இருக்கும் அதே குடும்பம். ஆனால் வெப்பத்துக்கு இளகும்படியும், அமுக்கினால் மெதுவாகத் திரும்பும்படியும் அதன் வேதியியலை மாற்றியிருக்கிறார்கள். கையை வைத்து எடுத்தால் பள்ளம் சில நொடிகள் அப்படியே இருந்துவிட்டு மெல்ல நிரம்புகிறதே, அதுதான் 'மெமரி'. குளிர்ந்தால் இறுகும், சூடானால் இளகும். படுப்பவரின் உடல் சூடு பட்ட இடம் மட்டும் இளகி, தோளும் இடுப்பும் உள்ளே இறங்க, மற்ற இடங்கள் உடம்பைத் தாங்கி நிற்கும். எடை ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவுகிறது. குளிர் நாட்டுப் படுக்கையறையில் இது அருமையாக வேலை செய்யும். உடம்பு பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் நல்ல வெப்ப வித்தியாசம் இருக்கும் அல்லவா.

நம் ஊரில்? மே மாதம், மதுரையில் ஒரு மாடி வீடு. இரவு பத்து மணிக்கும் மேல்தளம் கொதித்துக்கொண்டிருக்கும். அறை வெப்பமே 33, 34 டிகிரி. படுக்கும் முன்பே மெத்தை முழுதும் இளகித்தான் கிடக்கும். உடம்பு பட்ட இடம், படாத இடம் என்ற வித்தியாசம் குறைந்துபோகும். உடம்பு உள்ளே இறங்க இறங்க, பக்கவாட்டில் காற்று போக வழியில்லாமல் வேர்த்துக் கொட்டும். ஃபேன் காற்று மேலே படும், முதுகுக்குப் படாது. இதில் கரண்டும் போனால் சொல்லவே வேண்டாம். 'ஜெல்' கலந்தது, குளிர்ச்சியானது என்கிறார்களே என்றால், தொட்டவுடன் சில்லென்று இருப்பது உண்மைதான். அந்த ஜெல்லும் உடம்புச் சூட்டை வாங்கி நிரம்பிய பிறகு அதுவும் சூடுதான். விடியும் வரை குளிர வைக்க அது ஒன்றும் ஃபிரிட்ஜ் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடைகளில் ஏசி ஓடும். 24 டிகிரியில் படுத்துப் பார்த்து 'நல்ல கெட்டியாக இருக்கிறது' என்று வாங்கிய மெத்தை, வீட்டுக்கு வந்து சித்திரை வெயிலில் கொழுக்கட்டை மாவாகிவிடும். அதே மெத்தையை ஊட்டியில் போட்டால் டிசம்பரில் முதல் பத்து நிமிடம் பலகைதான். ஏமாற்று வேலை எதுவும் இல்லை, பொருளின் குணமே அது. ஆனால் கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை, கேட்கிறவரும் இல்லை. ஆக, இரவெல்லாம் ஏசி ஓடும் வீடு என்றால் மெமரி ஃபோமைத் தாராளமாக யோசிக்கலாம். ஏசி இல்லாத அறை என்றால் முழு மெமரி ஃபோம் மெத்தை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, பெயருக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது. ஆறு அங்குல மெமரி ஃபோம் மெத்தை என்றால் ஆறு அங்குலமும் மெமரி ஃபோம் என்று நினைப்பவர்கள் நிறைய. பெரும்பாலும் மேலே ஒன்றோ இரண்டோ அங்குலம்தான் அது. கீழே இருப்பது வேறு ஃபோம், பல மெத்தைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பசை போட்டு அழுத்திய 'ரீபாண்டட்' ஃபோம். இதைத் தப்பென்று சொல்ல முடியாது. அடியில் கெட்டியாக ஒன்று இருந்தால்தான் மெத்தை நிற்கும், மெமரி ஃபோம் மட்டும் இருந்தால் ஆள் மூழ்கிவிடுவார். எது எத்தனை அங்குலம் என்பதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

அங்குலத்தைவிட முக்கியம் அடர்த்தி. ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதுதான் 'டென்சிட்டி'. அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. அடர்த்தி கூடினால் உழைப்பு கூடும் என்று பொதுவாகச் சொல்லலாம். மெமரி ஃபோமில் 50 கிலோவுக்குக் கீழே போனால் சீக்கிரம் குழி விழும். மேலை நாடுகளில் ஒரு கன அடிக்கு 3 முதல் 5 பவுண்டு என்று சொல்வார்கள், அது கன மீட்டருக்கு 48 முதல் 80 கிலோ.

கடைக்காரர் சொல்லும் அடர்த்தியைச் சரிபார்க்க ஆய்வுக்கூடம் எல்லாம் வேண்டாம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு போதும். 72க்கு 36 ஒற்றை மெத்தையை எடுத்துக்கொண்டால், ஆறு அங்குலம் என்பது சரியாக 9 கன அடி. அதாவது சுமார் 0.255 கன மீட்டர். மேலே இரண்டு அங்குலம் 50 அடர்த்தி மெமரி ஃபோம் என்றால் அது மட்டும் 4 கிலோவுக்குச் சற்று மேல். கீழே நாலு அங்குலம் 32 அடர்த்தி ஃபோம் என்றால் ஐந்தரை கிலோ. உறை இல்லாமலே பத்து கிலோவை நெருங்க வேண்டும். வீட்டுக்கு வந்த பெட்டி மொத்தமே ஆறு கிலோ என்றால் சொன்ன கணக்கில் ஏதோ ஒன்று பொய். எடை சரியாக இருந்தால் சரக்கும் சரி என்று சொல்லிவிட முடியாது, சுண்ணாம்புத் தூள் சேர்த்து எடையைக் கூட்டுகிற வழக்கமும் ஃபோம் தொழிலில் உண்டு. எடை குறைந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம்.

இனி முதுகுவலி. இந்த இடத்தில்தான் வியாபாரம் கொஞ்சம் மனசாட்சியை இழக்கிறது. "அம்மாவுக்கு இடுப்பு வலி சார்" என்று ஒரு பையன் கடையில் வாய் திறந்தால் போதும், 'ஆர்த்தோபெடிக்' என்று எழுதிய மெத்தை முன்னால் வந்துவிடும், விலையும் ஏறிவிடும். அந்தச் சொல்லை எழுதிக்கொள்ள மருத்துவர் யாரும் சோதித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதுகுவலிக்குப் பலகை மாதிரிக் கெட்டியான படுக்கைதான் நல்லது என்ற பழைய நம்பிக்கையை வைத்துத்தான் அந்தப் பெயரே ஓடுகிறது. அந்த நம்பிக்கை 2003லேயே அடி வாங்கிவிட்டது. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டியான மெத்தையும் இன்னொரு பிரிவுக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு அது. அங்கே ஒப்பிட்டது கெட்டித்தன்மையை, மெமரி ஃபோமை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மெத்தை மருந்து கிடையாது. இடுப்பிலிருந்து காலுக்கு வலி இறங்குகிறது, கால் மரத்துப்போகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் போக வேண்டிய இடம் டாக்டரிடம். தவணையில் மெத்தை வாங்கிப் போட்டுவிட்டு 'மூன்று மாதம் பார்க்கலாம்' என்று அம்மாவைக் காத்திருக்க வைப்பது இலவு காத்த கிளி கதைதான். அன்பு இருந்தும் நடக்கிற தவறு என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

வயதானவர்களுக்கு வாங்கும்போது இன்னொன்றும் பார்க்க வேண்டும். மெமரி ஃபோம் திருப்பி உந்தாது. புரண்டு படுக்கவும் எழுந்திருக்கவும் உடம்புதான் பலம் போட வேண்டும். முழங்கால் வலி உள்ள பாட்டி, ஓரத்தில் உட்கார்ந்து கையை ஊன்றித்தான் எழுவார். ஓரம் அமுங்கிப்போகிற மெத்தை என்றால் வழுக்கி விழுகிற ஆபத்து. கட்டில் உயரத்தோடு எட்டு அங்குல மெத்தையும் சேர்ந்தால் கால் தரையில் பதியாமல் தொங்கும். எனவே பாட்டிக்கு மெத்தை வாங்கப் போனால் பாட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதே முறை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் வராமல் தடுக்க நல்ல ஃபோம் உதவும், இந்த ஃபோமின் உண்மையான பெருமை அங்கேதான். ஆனால் அதை வாங்கிப் போட்டதால் நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைக்கிற வேலை போய்விடாது. கைக்குழந்தையை மட்டும் இதில் படுக்க வைக்கவே கூடாது. முகம் புதைந்து மூச்சு முட்டும்.

ஒருவர் புரண்டால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது என்கிற விளம்பரம் நூற்றுக்கு நூறு உண்மை. நடு இரவில் வேலை முடிந்து வருகிறவர்கள் உள்ள வீட்டில் இது பெரிய வரம். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோள் வலி குறையும். குப்புறப் படுப்பவர்களுக்கு இடுப்பு இறங்கி முதுகு வளையும், அவர்களுக்கு ஆகாது. ஒல்லியான ஆளுக்கு இதமாக இருக்கிற மெத்தை தொண்ணூறு கிலோ ஆளுக்குப் பள்ளமாகிவிடும். கடையில் கையால் அமுக்குவதை விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, வழக்கமாக எப்படிப் படுப்பாரோ அப்படியே கால் மணி நேரம் படுக்க வேண்டும். வெட்கப்பட்டால் பத்து வருடம் வெட்கப்பட வேண்டியதுதான். இணையத்தில் வாங்கினால் 100 இரவு படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்கிற கம்பெனிகள் உண்டு. திருப்பி எடுக்க ஆள் உங்கள் ஊருக்கு வருவாரா, எத்தனை அங்குலம் குழிந்தால் உத்தரவாதம் செல்லும் என்பதைப் பணம் கட்டும் முன் படித்துவிட வேண்டும்.

மேன்ஷன் அறையிலும் ஹாஸ்டலிலும் இருப்பவர்கள் மெத்தையை நேராகத் தரையில் போடுகிறார்கள். சென்னை ஈரக்காற்றில் அடிப்பக்கம் பூசணம் பிடிக்கும். தினமும் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைக்க வேண்டும். பாட்டி சொன்னாள் என்று மொட்டை மாடி வெயிலில் காயப் போடவும் கூடாது, பாலியூரித்தேன் வெயிலில் மஞ்சளித்து உதிரும். நிழலில் காற்றாட விடலாம். பிரித்தவுடன் வரும் வாடை சில நாளில் போய்விடும், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

சரி, ஏசி இல்லாதவர் என்ன வாங்குவது? தென்னை நார் மெத்தையே பலருக்குப் போதும். காற்றோட்டம் உண்டு, கெட்டியாக இருக்கும். ரொம்பக் கெட்டி என்று தோன்றினால் மேலே போட ஒன்றிரண்டு அங்குல மெமரி ஃபோம் விரிப்பு தனியாகவே கிடைக்கிறது. மார்கழியில் விரித்து, கோடையில் சுருட்டி வைக்கலாம். அடியில் இருக்கும் மெத்தை ஏற்கெனவே குழிந்திருந்தால் மட்டும் இது பலிக்காது, குழிக்குள் இதுவும் சேர்ந்து இறங்கும். பணம் இருப்பவர் ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் மெத்தை வாங்கலாம். வெப்பத்துக்கு இளகாது, அமுக்கினால் உடனே திரும்பும், நிறைய உழைக்கும். தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

போடிநாயக்கனூர் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தை இன்னும் விற்பனையில் இருக்கிறது. கட்டி தட்டும், அடிக்கடி வெயிலில் போட வேண்டும், தூசி ஆகாதவர்களுக்குச் சங்கடம். ஆனால் பழசானால் தையலைப் பிரித்து, பஞ்சை அடித்து, புதுத் துணி போட்டு மறுபடி தைத்துக்கொள்ளலாம். குழி விழுந்த மெமரி ஃபோமை அப்படிச் சரிசெய்து தர யாரும் இல்லை, பழைய இரும்புக் கடைக்காரரும் எடுத்துக்கொள்ள மாட்டார்.