கோரைக்குள் ஒரு குரல்



இந்தப் பறவைகள் சிறப்பிதழில் மயிலும் இருவாச்சியும் பூநாரையும் தங்களுக்கான பக்கங்களைப் பிடித்துவிட்டன. என் பக்கத்தை, நேரில் பார்த்தவர்களே மிகக் குறைவான ஒரு கூட்டத்துக்குக் கொடுக்க விரும்புகிறேன். ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வாழும் ஃபிளஃப்டெயில் பறவைகள் அவை.

மொத்தம் 9 இனங்கள். எல்லாமே ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவுதான். சில சதுப்பில் வாழ்கின்றன, சில காட்டுத் தரையில். ஆபத்து வந்தால் பறப்பதைவிடப் புல்லடியில் ஓடி மறைவதையே நம்புகின்றன. நம் ஏரிகளின் கானாங்கோழி, தாழைக்கோழி குடும்பத்திலேயே இவற்றையும் நெடுங்காலம் சேர்த்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு தனிக் குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள்.

இவற்றுள் ஒன்று தென்னாப்பிரிக்கக் காடுகளிலும் தோட்டங்களிலும் மழை, மூடுபனி இரவுகளில் நீளமாக ஒலி எழுப்பும். காலிப் புட்டியின் வாயில் ஊதினாற்போன்ற ஒலி. எழுப்புவது எது என்று தெரியாததால் பச்சோந்தி அழுகிறது என்றார்கள், நத்தை கூவுகிறது என்றார்கள், பேய் என்றும் சொன்னார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பறவையின் தொண்டையிலிருந்து அது வருகிறது என்பதை யார்தான் எளிதில் நம்புவார்கள்?

என் மனம் அதிகம் தங்குவது வெண்சிறகு ஃபிளஃப்டெயிலிடம். 1877இலேயே அறிவியல் பெயர் பெற்ற பறவை. எத்தியோப்பிய மேட்டுநிலச் சதுப்புகளிலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே தென்னாப்பிரிக்காவின் சில சதுப்புகளிலும் மட்டுமே தொடர்ந்து காணப்படுகிறது. வளர்ந்த பறவைகள் 250கூட இருக்காது என்பது மதிப்பீடு. அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் 2013இல் சேர்த்தார்கள்.

முன்பெல்லாம் இதைத் தேடியவர்கள் வரிசையாகச் சதுப்பில் இறங்கி, கயிற்றை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். மிரண்டு எழும் பறவையை ஓரிரு நொடி பார்க்கலாம், அவ்வளவுதான். அது உட்கார்ந்திருந்த கோரை மிதிபட்டுப் போகும். காக்க வேண்டியதையே கலைக்கும் அந்த முறை எனக்கு உடன்பாடானதல்ல. ராபின் காலின் என்ற ஆய்வாளர் வேறு வழியில் போனார். தென்னாப்பிரிக்காவின் டல்ஸ்ட்ரூம் ஊருக்கு அருகே உள்ள மிடில்பண்ட் சதுப்பில் தானாக இயங்கும் கேமராக்களை வைத்துவிட்டு விலகிக்கொண்டார். தென்னாப்பிரிக்காவுக்கு இது வந்துபோகும் விருந்தாளி மட்டுமே என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அங்கேயே குஞ்சு பொரிக்கிறது என்பது 2018இல் உறுதியானது. யாரும் அடையாளம் சொல்ல முடியாதிருந்த அதன் குரலும் பதிவானது. குரல் தெரிந்தால் கோரையை மிதிக்காமலே ஒலிப்பதிவுக் கருவி வைத்துத் தேடலாம். ஒரு சதுப்பை வடிக்கவோ சுரங்கத்துக்குக் கொடுக்கவோ பேச்சு எழும்போது, ‘இங்கே இது குஞ்சு பொரிக்கிறது’ என்று சான்றோடு சொல்லலாம். டல்ஸ்ட்ரூம் இருக்கும், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மாகாணத்தில் இது சின்ன விஷயமல்ல.

எத்தியோப்பியாவின் பெர்கா சதுப்பில் கதை வேறு. அங்கே ஆடுமாடுகளுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம். பறவை கூடு கட்டுவதும் புல் செழிக்கும் அதே மழைக்காலத்தில். ஊராரே ஒரு பறவை ஆர்வலர் குழு அமைத்து, மேய்ச்சலை முறைப்படுத்த முன்வந்தார்கள். தங்கள் வாழ்வாதாரத்தில் ஒரு பங்கை அந்த ஏழைக் குடியானவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அவர்களுக்கு ஈடு செய்யாமல் பறவையை மட்டும் காப்பாற்றிவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள நம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பச்சோந்தி அழுவதாகச் சொல்லப்பட்ட அந்தப் பறவை உங்கள் வட்டாரத்துத் தோட்டங்களில் உண்டு. வீட்டுப் பூனைகளும் கண்ணாடிச் சன்னல்களும் அதற்கு எமன். கோடை மழை இரவுகளில் பூனையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மூலையில் உதிர்ந்த இலைகளைக் கூட்டாமல் விடுங்கள். அந்தக் குரலைக் கேட்டால் எங்களுக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்