சைலன்ஸர் மாற்றியும் குறையாத லேப் டைம்... பைக் டிராக்கில் டேட்டாவும் கோச்சும் என்ன செய்கின்றன?

சைலன்ஸரை மாற்றியாச்சு, ஏர் ஃபில்டரை மாற்றியாச்சு, டயரும் புதுசு. ஆனால் லேப் டைம் மட்டும் 2 நிமிடம் 10 விநாடியிலேயே நிற்கிறது. டிராக் டே எனப்படும் ரேஸ் டிராக் பயிற்சி நாட்களுக்குப் போய் வருபவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. குறை பைக்கிலா, ஓட்டுபவரிடமா என்று கண்டுபிடிக்க மோட்டோஜிபி அணிகள் கையாளும் வழியை இப்போது வார இறுதி ஓட்டிகளும் பிடித்திருக்கிறார்கள். ஒன்று டேட்டா, இன்னொன்று கோச். இவை எப்படி வேலை செய்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

டிராக் டே என்றால் ரேஸா?

இல்லை. கோப்பையும் கிடையாது, முதலிடமும் கிடையாது. எதிரே லாரி வராத, நாய் குறுக்கே ஓடாத ஒரு பாதையில், லெதர் சூட்டும் முழு ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு பைக்கை முழுதாக ஓட்டிப் பழகும் நாள், அவ்வளவுதான். அனுபவத்தைப் பொறுத்து குழுக்களாகப் பிரித்து, குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மாற்றி மாற்றி அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு இடங்கள் பெயர் பெற்றவை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சுமார் 3.7 கி.மீ. நீள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் ஒன்று. கோவை செட்டிபாளையத்தில், ரேஸர் கரிவரதன் பெயரில் இருக்கும் சுமார் 2.1 கி.மீ. நீள கரி மோட்டார் ஸ்பீட்வே இன்னொன்று.

செல்போன் ஜிபிஎஸ் போதாதா?

லேப் டைம் பார்க்க மட்டும் என்றால் ஓரளவு போதும். எங்கே நேரம் போகிறது என்று பார்க்க வேண்டுமானால் போதாது. பெரும்பாலான செல்போன்கள் விநாடிக்கு ஒரு முறைதான் இருப்பிடத்தைப் பதிவு செய்கின்றன. 100 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு பைக் கிட்டத்தட்ட 28 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது ஒரு புள்ளி பிரேக் பிடிக்கும் முன், அடுத்த புள்ளி வளைவுக்குள்ளே. நடுவில் நடந்தது எதுவுமே தெரியாது. விநாடிக்கு 10 முறை பதிவு செய்யும் ஜிபிஎஸ் கருவி இருந்தால் இந்த இடைவெளி 3 மீட்டருக்கும் கீழே வந்துவிடும். ரேஸ்குரோனோ போன்ற செயலியுடன் தனி ஜிபிஎஸ் ரிசீவரை ப்ளூடூத்தில் இணைப்பது எளிய வழி. இத்தாலியின் ஏஐஎம் நிறுவனம் தயாரிக்கும் லேப் டைமர் போன்றவை அடுத்த கட்டம்.

கிராஃபில் என்ன தெரியும்?

கிடைமட்டத்தில் தூரம், செங்குத்தில் வேகம். நேர்பாதையில் கோடு மேலே ஏறும், வளைவு வரும்போது சரியும். நன்றாக ஓட்டுபவரின் கோடு உச்சியில் கூராக இருக்கும். ஆக்ஸிலரேட்டரை விட்ட உடனே பிரேக். புதியவரின் கோடு உச்சியில் தட்டையாகிவிடும். ஆக்ஸிலரேட்டரும் இல்லை, பிரேக்கும் இல்லை, பைக் சும்மா உருண்டுகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். தலைவலியே இந்த ‘சும்மா உருளும்’ பகுதிதான். ஒரு வளைவுக்கு அரை விநாடி என்றால், 12 வளைவில் 6 விநாடி காலி. எந்த சைலன்ஸர் இதை மீட்டுத் தரும்?

பிரேக்கிங்கை எடுத்துக்கொள்வோம். 150 கி.மீ. வேகத்தில் வருபவர் வளைவுக்கு 80-க்கு இறங்க வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்குத்தான் பிரேக் அழுத்துகிறார் என்றால் அதற்கு சுமார் 127 மீட்டர் தேவை. அதே பைக்கில் 0.8 மடங்கு அழுத்தத் தெரிந்தவருக்கு சுமார் 79 மீட்டர் போதும். வித்தியாசம் ஏறக்குறைய 48 மீட்டர். இதைப் பார்த்ததும், “அப்போ லேட்டா பிரேக் பிடிச்சா போதுமே” என்று தோன்றும். நிறைய பேர் விழுவது இங்கேதான். லேட்டாகப் பிடிப்பது வேறு, பலமாகப் பிடிக்கக் கற்றுக்கொள்வது வேறு. இரண்டாவது கைவராமல் முதலாவதை முயன்றால் வளைவு திரும்பாது, பைக் நேராக மண்ணுக்குள் போய்விடும்.

இன்னொரு பொறி, ‘ஐடியல் லேப்’. ஒவ்வொரு பகுதியிலும் எடுத்த சிறந்த நேரத்தைக் கூட்டி, “நீங்கள் 2:06 ஓட்டக்கூடியவர்” என்று மென்பொருள் சொல்லும். கேட்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் முதல் பகுதியில் அந்த நேரம் வந்ததே, அடுத்த வளைவைக் கெடுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்ததால்தான் என்பதை அந்தக் கூட்டல் கணக்கு சொல்லாது.

அப்போ கோச் எதற்கு?

நேரம் எங்கே போகிறது என்று டேட்டா சொல்லும். ஏன் போகிறது என்று சொல்லாது. ஒருவர் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுகிறார் என்பது கிராஃபில் பள்ளமாகத் தெரியும். பயமா, கண் தவறான இடத்தைப் பார்க்கிறதா, கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறாரா? பின்னாலேயே ஓட்டி வந்து பார்த்த ஒருவருக்குத்தான் அது தெரியும்.

இந்தத் துறையில் தவிர்க்க முடியாத பெயர் கீத் கோட். அமெரிக்காவில் 1980-ல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கியவர். அவரது பள்ளியின் பயிற்சி வகுப்புகள் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் நடந்திருக்கின்றன. மனிதனின் கவனத்தைப் பையில் இருக்கும் 10 டாலருக்கு ஒப்பிட்டது அவரது புகழ்பெற்ற விளக்கம். பிரேக்குக்கே 5 டாலர் செலவழித்தால், வளைவைப் பார்க்க மிச்சம் 5 தான். பழகப் பழக அந்தச் செலவு குறையும். ஆகவே ஒரு செஷனில் ஒரு விஷயத்தை மட்டும் பழகச் சொல்கிறார்கள் கோச்சுகள். பத்துத் திருத்தத்தை ஒரே நேரத்தில் சொன்னால் எதுவுமே நடக்காது.

மோட்டோஜிபியில் எப்படி?

அங்கே ஃபார்முலா 1 போல ஓடும்போதே அணிக்கு டேட்டா பறந்து வருவதில்லை. பைக் பிட்டுக்குத் திரும்பிய பிறகுதான் இறக்கிப் பார்ப்பார்கள். டுகாட்டி இதில் ஒருபடி மேலே போனது. 2024-ல் களத்தில் இருந்த அதன் 8 பைக்குகளின் டேட்டாவையும் 8 ஓட்டிகளும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டது. அந்த ஆண்டு தொழிற்சாலை அணியின் பெக்கோ பன்யாயாவை, துணை அணியான பிரமாக்கின் ஹோர்ஹே மார்ட்டின் 10 புள்ளிகளில் முந்தி உலக சாம்பியன் ஆனார். தன் வீட்டு ரகசியத்தைக் கொடுத்துத் தன் நட்சத்திரத்தையே தோற்கடித்த கதை. ஆனாலும் கோப்பை டுகாட்டிக்குத்தானே வந்தது!

இவ்வளவு சென்சார்கள் இருந்தும் கோச்சை விடவில்லை என்பது கவனிக்க வேண்டியது. 9 முறை உலக சாம்பியனான வாலன்டினோ ரோஸ்ஸியே 2016-ல், முன்னாள் சாம்பியன் லூக்கா கடலோராவை டிராக் ஓரத்தில் நின்று தன்னையும் மற்றவர்களையும் கவனித்துச் சொல்ல வைத்துக்கொண்டார்.

ஆபத்து எங்கே?

எண்ணைத் துரத்துவதில். பைக் எவ்வளவு சாய்கிறது என்பதைக் காட்டும் லீன் ஆங்கிள், சமூக வலைதளத்தில் போட வசதியான எண். ஆனால் அதிகம் சாய்ந்தவர் வேகமானவர் என்று அர்த்தமில்லை. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 73 கி.மீ. வேகத்தில் கடக்க சுமார் 40 டிகிரி சாய்வு போதும். உடலை உள்பக்கம் சரியாக இறக்கினால் பைக் அதற்கும் குறைவாகச் சாய்ந்தே அதே வேகத்தில் போகும். அதே வேகத்தில் ஒருவர் 45 டிகிரி காட்டினால், அவர் டயரின் பிடிமானத்தை வீணாகச் செலவழிக்கிறார். டேஷ்போர்டில் ஓடும் லேப் டைமரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது இன்னும் மோசம். பல கோச்சுகள் திரையை மறைத்துவிட்டு ஓட்டச் சொல்வது அதனால்தான்.

டிராக் பாதுகாப்பானது என்பது சாலையோடு ஒப்பிடும்போது மட்டுமே. 2023 ஆகஸ்ட்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசிய சாம்பியன்ஷிப் பந்தயத்தில் 13 வயது வீரர் கீழே விழுந்து உயிரிழந்தார். அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்கள் ரத்து செய்யப்பட்டன.

டிராக்குக்குப் போக நினைப்பவர்கள் வீட்டிலேயே பார்க்க வேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது. வழக்கமான வாகன இன்சூரன்ஸ் பாலிசியில் பயன்பாட்டு வரம்புகள் என்ற பகுதியில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். “நாங்க ரேஸ் ஓட்டல, பயிற்சிதான்” என்று சொன்னாலும் கிளெய்ம் நிராகரிக்கப்பட வாய்ப்பு உண்டு. அதனால், உடைந்தால் சொந்தப் பணத்தில் சரிசெய்யக்கூடிய பைக்கில் தொடங்கச் சொல்கிறார்கள் அனுபவசாலிகள்.