யார் செய்வது சதி?

நல்லம்பள்ளியில் புளியமரத்தடியில் நாலு கூலிக்காரர்கள் கூடி நாளைய கூலியைப் பற்றிப் பேசட்டும், "சதி! சதி!" என்று பண்ணைவீட்டிலிருந்து கூச்சல் கிளம்பும். ஆலை முதலாளிகள் மாளிகையில் கூடிக் கூலியைக் குறைத்தாலோ, அது 'ஆலோசனைக் கூட்டம்'!

தோழர்களே, இந்தச் சொல்லைச் சற்று உரித்துப் பார்ப்போம். சதிக்கு இங்கிலீஷ்காரன் சொல்லும் 'கான்ஸ்பிரஸி'க்கு லத்தீன் வேரில் பொருள், சேர்ந்து மூச்சுவிடுவது. அவ்வளவுதான்! நம் 'சூழ்ச்சி'யையும் வள்ளுவர் ஆலோசனை என்ற பொருளில்தான் ஆண்டார். பாவம், நல்ல சொல். கெட்ட சகவாசத்தில் கெட்டது.

இங்கிலாந்தில் 1799-லேயே கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் சேர்வதைக் குற்றமாக்கினார்கள். இங்கே 1913-ல் வெள்ளையன் தண்டனைச் சட்டத்தில் 120-ஏ பிரிவைப் புகுத்தினான்: சட்டவிரோதக் காரியத்துக்கு இருவர் உடன்பட்டாலே சதி. 1924-ல் கான்பூர் சதி வழக்கு; அதில் நம் சிங்காரவேலர் பெயரையும் சேர்த்தார்கள். 1929-ல் மீரட் சதி வழக்கு. 31 பேர் கைது, தீர்ப்பு வந்ததோ 1933-ல்! அவர்களில் பலர் செய்த 'சதி' என்ன? தொழிற்சங்கம் கட்டியது.

சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர் 1918-ல் சங்கம் கண்டார்கள். தலைவர் வாடியா மீது ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தது கம்பெனி. போராட்டம் ஓயவில்லை. 1926-ல் வந்த தொழிற்சங்கச் சட்டத்தின் 17-வது பிரிவில் வெள்ளை சர்க்காரே எழுத வேண்டியதாயிற்று: பதிவான சங்கத்தார் சங்க நோக்கத்துக்காகக் கூடி உடன்பட்டால், அந்த உடன்பாடே ஒரு குற்றம் செய்வதற்காக இல்லாதவரை, அது சதி அல்ல!