இரத்தம் குடிப்பவன் எங்கே?



1922-இல் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் எடுத்த கறுப்பு வெள்ளைப் பேசாப்படம் 'நோஸ்ஃபெராட்டு'. இன்று அதைக் கைப்பேசியில் பார்க்கும் வாலிபர், "இதற்கா அஞ்சினார்கள்?" என்று நகைக்கின்றனர். மூத்தோரோ, "அது சாத்தானின் படம்; பார்ப்பதே பாவம்" என்று கடிந்துகொள்கின்றனர்.

இரு சாராருமே தவறுகின்றனர் என்பேன். நகைப்பவர் கதையின் உட்பொருளைக் காணவில்லை. கடிந்துகொள்பவர் திரையின் நிழலுக்கு அஞ்சி, தெருவில் நடப்பவனுக்கு வழிவிடுகின்றனர்.

பிறர் இரத்தத்தால் தன் உயிரை வளர்ப்பவனே அப்படத்தின் ஓர்லாக் பிரபு. சூரியன் உதித்ததும் அவன் புகையாய் மறைகிறான். கந்துவட்டிக்காரனுக்கோ அந்த அச்சமும் இல்லை. பட்டப்பகலில் வாசலில் வந்து நிற்கிறான். தறியிலிருந்து பட்டுச் சேலையை அறுக்கும் முன்பே நெசவாளியின் கூலி வட்டிக்குப் போய்விடுகிறது. 2003-இல் தமிழகத்தில் இதற்கெதிராகச் சட்டம் வந்தது. ஆயினும் அவன் ஒழியவில்லை.

நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தை வாசியுங்கள். ஏழைகள் தங்கள் நிலங்களை அடகுவைத்துக் கதறியபோது, நெகேமியா அந்நியரை அல்ல, வட்டி வாங்கிய தன் சொந்த ஜனத்தின் பிரபுக்களையே சபைகூட்டிக் கண்டித்தான். அவர்களும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இசைந்தார்கள்.

நம்மில் அத்தகையோர் உண்டோ? கர்த்தர் தம் இரத்தத்தை நமக்காகச் சிந்தினார். சகோதரனின் இரத்தத்தை உறிஞ்சும் கை, திருவிருந்துப் பாத்திரத்தை எவ்வாறு ஏந்தும்? அடுத்த திருவிருந்துக்கு முன் அந்தக் கடன்பத்திரத்தைக் கிழித்துவிட்டு வாருங்கள். ஆமென்.