மைவிக்கு 17 அங்குல ரிம்: அழகுக்கும் ஆய்வுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்

தீபாவளிக்கு முந்தைய சம்பளம் கைக்கு வந்ததும் கிள்ளான், ஈப்போ, சுங்கைப்பட்டாணி என எந்தப் பட்டணத்திலும் டயர் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். பாலேக் கம்போங் பயணத்துக்கு முன் தேய்ந்த டயரை மாற்ற வரும் குடும்பக்காரர்கள் ஒரு பக்கம். காடியைப் பளிச்சென்று மாற்ற வரும் நம் இளைஞர்கள் இன்னொரு பக்கம். இவர்களில் பலர் ஓட்டுவது பெரோடுவா மைவி. 2005-இல் முதல் தலைமுறை வந்ததிலிருந்து தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நம்மவர்களின் முதல் காடி பெரும்பாலும் அதுதான். 1.5 லிட்டர், 102 குதிரைத்திறன், ஏறத்தாழ ஒரு டன் எடை. கையடக்கமான விளையாட்டுக் காடி என்ற பெயரை அது சம்பாதித்ததில் வியப்பில்லை.

இந்த ஆசையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இது பணத்தோடு நிற்பதில்லை. ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை பண்டிகைக் காலங்களில் சாலைத் தடுப்புச் சோதனைகளைக் கூட்டும். பெயர் மாற்றத்துக்கான பி5 ஆய்விலும், தவணைக் கடனுக்கான பி7 ஆய்விலும் காடியின் நான்கு சக்கரங்களும் பார்க்கப்படும். வாகன ஆய்வில் 30 ஆண்டுகளாகப் புஸ்பாகோம் மட்டுமே வைத்திருந்த தனி உரிமை 2024 ஆகஸ்டு மாதத்தோடு முடிந்தது. போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அந்தத் துறையைப் பிற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டார். இனி ஆய்வு லேசாகிவிடும் என்று ரிம் கடைகளில் சிலர் பேசுகிறார்கள். ஆய்வு செய்யும் நிறுவனம் மாறலாமே தவிர விதி மாறவில்லை. டயரோ ரிம்மோ மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எந்த நிலையத்திலும் சிக்கல்தான்.

அந்த நீட்டலைத் தீர்மானிப்பது ரிம்மின் அங்குலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தீர்மானிப்பவை ரிம்மின் அகலமும் ஆப்செட்டும். கடைக்காரர் சொல்லும் '16', '17' எல்லாம் ரிம்மின் குறுக்களவு. ரிம்மின் உட்புறத்தில் ஈடி என்ற எழுத்தோடு ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ரிம்மின் சரிநடுவிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்புறமாக, அதாவது தெருவைப் பார்த்த பக்கமாக, தள்ளியிருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். கூடக் கூட உள்ளே போய், சஸ்பென்ஷன் கம்பத்தை நெருங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய ரிம் 6 அங்குல அகலம், ஈடி 40 என்று வைத்துக்கொள்வோம். 6 அங்குலம் என்றால் 152 மில்லிமீட்டர், அதில் பாதி 76. ஆப்செட் 40-ஐக் கழித்தால் ஹப்பிலிருந்து வெளிப்புறம் 36 மில்லிமீட்டர். இப்போது கடையில் 7 அங்குல அகலம், ஈடி 35 ரிம் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்கள். பாதி அகலம் 89, அதில் 35 போக 54. சக்கரம் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. உட்புறமும் 8 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. அதே 7 அங்குலத்தில் ஈடி 25 எடுத்தால் வெளிப்புறம் 28 மில்லிமீட்டர் கூடும். "அஞ்சு, பத்துதானேண்ணே வித்தியாசம்" என்று கடையில் சொல்லும்போது ஆப்செட்டை மட்டும் சொல்கிறார்கள், அகலத்தைச் சேர்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் போதும்.

வெளியே வந்த சக்கரம் கண்ணுக்கு அழகுதான். பாதிப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. சக்கரத்தின் மையம் ஹப்பை விட்டு விலகும்போது பேரிங்கின் மீது விழும் நெம்புவிசை கூடுகிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்தால் ஸ்டீயரிங் அந்தப் பக்கமாக இழுக்கிறது. மழையில் ஒரு பக்கச் சக்கரம் தேங்கிய நீரில் ஓடும்போதும் இதே இழுப்பு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் இதைக் கையிலேயே உணர்வார்.

அடுத்தது டயர். மூன்றாம் தலைமுறை மைவி 1.5-க்கு நிறுவனம் கொடுக்கும் டயர் 185/55 ஆர்15. அதன் முழு விட்டம் சுமார் 584 மில்லிமீட்டர். ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் சிறிதாக வேண்டும், முழு விட்டம் மாறக் கூடாது. 16 அங்குல ரிம்மில் 195/45 போட்டால் விட்டம் 582, வித்தியாசம் பொருட்டில்லை. அதே 16-இல் 195/50 போட்டால் 601. மூன்று விழுக்காடு பெரிது. மீட்டர் 110 காட்டும்போது அசல் டயரோடு போன வேகத்தைவிட ஏறக்குறைய 3 கிலோமீட்டர் கூடுதலாகப் போவீர்கள். மீட்டரை நம்பி ஓட்டுகிறவருக்கு வேகக் கேமராவின் சம்மன் வந்தால், டயர் மாற்றிய கதையை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, பெரிய டயர் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது உட்புற பிளாஸ்டிக்கை உரசும்.

17-க்குப் போனால் 195/40 போட்டு விட்டத்தை 588-இல் நிறுத்தலாம். விட்டம் சரியாகத்தான் வரும், பக்கச்சுவர்தான் மெலிந்துவிடும். அசல் டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 102 மில்லிமீட்டர் ரப்பர் இருந்தது. இதில் 78 மட்டுமே. பட்டணத்துத் தார்ச் சாலையில் இது பெரிதாகத் தெரியாது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தெரியும். பழக்குலை லாரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த பாதை, மழை பெய்தால் எது குழி எது குட்டை என்றே புரியாது. அங்கே தினமும் காலையும் மாலையும் போய்வரும் மைவியில் 17 அங்குலம் மாட்டினால் ரிம் கோணுவதும் பக்கச்சுவர் வீங்குவதும் எப்போது என்பதுதான் கேள்வி. வளைந்த ரிம்மைச் சுடவைத்துத் தட்டி நிமிர்த்தித் தரும் பட்டறைகள் உண்டு. சூடேறிய அலுமினியத்தின் வலிமை குறைந்திருக்குமா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பக்கச்சுவரில் இன்னோர் எண்ணும் உண்டு. 82 என்று எழுதியிருந்தால் அந்த டயர் 475 கிலோ தாங்கும், 80 என்றால் 450 கிலோ. வலுவூட்டிய எக்ஸ்எல் வகையில் 84 கிடைக்கும், அது 500 கிலோ. ஐந்து பேரும் பின்னால் அரிசி மூட்டையும் ஏறும் குடும்பக் காடிக்கு, அசல் டயரின் எண்ணைவிடக் குறைந்ததைப் போடவே கூடாது. விலை கேட்கும்போது இந்த எண்ணைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

ரிம்மின் எடையும் பேச வேண்டியது. ரேய்ஸ் நிறுவனத்தின் டிஇ37 என்ற ரிம்மை நம் இளைஞர்கள் எல்லோருக்கும் தெரியும். 1996-இல் வந்த அந்த ரிம்மின் பெயரில் உள்ள 37, அதன் 15 அங்குல அளவின் எடையான 3.7 கிலோவைக் குறிப்பது. வார்க்காமல், அழுத்தி அடித்துச் செய்ததால் வந்த லேசு அது. நம் கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி அதே ஆறு ஆரங்களைப் பார்த்து வார்த்த நகல்கள். தோற்றம் ஒன்றாக இருந்தாலும் எடை இருமடங்கைத் தொடலாம். 102 குதிரைத்திறன் இழுக்கும் காடியில் ஒவ்வொரு சக்கரத்திலும் சில கிலோ கூடினால், பச்சை விளக்கு விழுந்ததும் தெரியும், பெட்ரோல் கணக்கிலும் தெரியும். வேகமாகப் போகவேண்டும் என்று வாங்கிய ரிம் காடியை மந்தமாக்கிவிடுகிறது. வாங்கும் முன் ரிம்மைத் தராசில் வைக்கச் சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானிய முத்திரைகளையும் தேடலாம். முதலாவது, தரத்துக்கு ஏற்பச் செய்ததாகத் தயாரிப்பாளரே சொல்வது. இரண்டாவது, வெளியார் சோதித்தது. நகல் செய்கிறவர் முத்திரையையும் நகல் செய்ய முடியும் என்பதால், ரசீது தராத கடையில் முத்திரைக்கு மதிப்பில்லை.

செகண்ட் ஹேண்ட் ரிம் வாங்குவோர் கவனிக்க வேண்டியது வேறு. மைவியின் நட்டுத்துளை அமைப்பு 4x100. ஹோண்டா ஜாஸ், சிட்டி காடிகளுக்கும் அதுவேதான், அதனால் அந்த ரிம் மைவியில் ஏறிவிடும். ஆனால் மைவியின் ஹப் 54.1 மில்லிமீட்டர், ஹோண்டா ரிம்மின் நடுத்துளை 56.1. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். வெளிச்சந்தை ரிம்கள் பலவற்றின் துளை 73.1 வரை இருக்கும், அவற்றுக்கும் இதே வளையம்தான். இதைவிட ஆபத்து நட்டில் இருக்கிறது. ஹோண்டாவின் அசல் ரிம்மில் நட்டு உட்காரும் குழி உருண்டை வடிவம், மைவி நட்டின் முனை கூம்பு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் முறுக்கினால் இறுகியதுபோலத் தோன்றும், உண்மையில் மெல்லிய ஓரத்தில் மட்டும் பிடித்திருக்கும். ஓட ஓடத் தளரும்.

காப்புறுதி விஷயத்தையும் வீட்டில் பேசிவிட வேண்டும். காடியில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டு, விபத்துக்குப் பிறகு சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டால் நிறுவனம் கேள்வி எழுப்ப இடமுண்டு. ரிம் மாற்றியதைப் பாலிசி புதுப்பிக்கும்போது எழுத்தில் தெரிவித்து, ரசீதைப் பத்திரப்படுத்துவதற்கு ஒரு காசும் செலவில்லை. இ-ஹெயிலிங் ஓட்டும் நம்மவர்களுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வரும் என்பதால் அவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம்.

மொத்தத்தில் மைவி 1.5-க்கு 15 அல்லது 16 அங்குலம், 6 முதல் 6.5 அங்குல அகலம், அசல் ரிம்மின் ஆப்செட்டுக்கு ஐந்து மில்லிமீட்டருக்குள் ஓர் ஈடி எண் என்றால் மட்கார்டுக்குள் அடங்கும், ஆய்விலும் தலைவலி இராது. கடையில் மாட்டியதும் ஐந்து பேரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒரு மேட்டில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். சுமார் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்குவதும் அவசியம்.

கழற்றிய அசல் ரிம்களைப் பலர் அன்றே கடைக்காரரிடம் கழித்துக்கொள்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்துக் காடியை விற்கப் போகும்போதுதான் அவற்றின் அருமை தெரிகிறது. பி5 ஆய்வுக்கு முந்தைய நாள் மச்சானின் மைவியிலிருந்து நான்கு ரிம் இரவல் வாங்கி மாட்டி, தேறியதும் பழைய 17-ஐத் திரும்பப் பூட்டி வாங்கியவரிடம் சாவியைக் கொடுக்கும் வழக்கம் இன்னும் நடக்கிறது. ஆய்வுத்தாளில் தேறியது ஒரு காடி, புதிய சொந்தக்காரர் வீட்டுக்கு ஓட்டிப் போவது வேறொன்று. பழைய மைவி வாங்கப் போகிறவர்கள் பி5-க்கு நேரில் போய்ப் பார்ப்பதும், அங்கே பூட்டியிருந்த ரிம்மோடே காடியை எடுத்து வருவதும் நல்லது.