கேளாத கொடை

ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களின் வேறுபாட்டை வகுப்பில் விளக்காத தமிழாசிரியர் இருக்க முடியாது. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் ‘ஈ’ என்பான்; ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்பான்; உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் ‘கொடு’ என்பான். தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் வகுத்த முறை இது. இதிலுள்ள உயர்வு தாழ்வை நாம் மறவாமல் கற்பிக்கிறோம், தேர்விலும் கேட்கிறோம். அதனினும் பெரிய செய்தி ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறோம். இம்மூன்றும் கொடுப்பவன் வாய்ச் சொற்கள் அல்ல, கேட்பவன் வாய்ச் சொற்கள். கொடையைப் பற்றிய பேச்சை இலக்கணம் இரப்பவன் நாவிலிருந்தே தொடங்குகிறது.

இதை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி வந்த எனக்கே இதன் பொருள் 2021ஆம் ஆண்டு டிசம்பரில்தான், பூச்சோங்கில் ஒரு மண்டபத்துத் தரையில் கிடந்த மருந்து மூட்டைகளின் முன்னால்தான் விளங்கியது.

அம்மாதம் 18ஆம் நாள் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றனர். நான் சார்ந்திருந்த ஓர் அமைப்பு உதவிப் பொருள் திரட்ட முடிவு செய்தது. அறிக்கை எழுதும் பணி, வழக்கம்போல் தமிழாசிரியனாகிய என்னிடம் வந்தது. அரிசி, பால்மாவு, போர்வை என்று எழுதிக்கொண்டு வந்தவன், “தங்கள் இல்லங்களில் தேவைப்படாமல் இருக்கும் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அன்புகூர்ந்து வழங்குக” என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அழகான வரி என்று அன்று நினைத்தேன். எவரும் அதைக் கேட்கவில்லை. எந்த நிவாரண மையமும் அப்படியொரு பட்டியலை எங்களுக்கு அனுப்பவில்லை.

ஒரே வாரத்தில் மூட்டைகள் குவிந்தன. பிரித்துப் பார்க்க வந்த மருந்தாளர் ஒருவர் தரையில் அமர்ந்தார். சிறிது நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். அட்டையிலிருந்து வெட்டியெடுத்த மாத்திரைத் துண்டுகள். அவற்றில் பெயரும் இல்லை, காலாவதி நாளும் இல்லை. பாதி குடித்துவிட்ட குழந்தை மருந்துப் புட்டிகள்; நீர் கலந்தபின் ஒன்றிரண்டு வாரங்களே தாங்கக்கூடிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அது. திறந்த கண் சொட்டு மருந்து. வெயிலில் நின்ற வண்டியில் வந்து சேர்ந்த இன்சுலின். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்பதைக் கொண்டுவந்தவரும் அறியவில்லை, பெற்றுக்கொண்ட நாங்களும் அறியவில்லை. இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் வார்பரின் மாத்திரை, வலி மாத்திரைகளுக்கு நடுவே கலந்து கிடந்தது. அளவு பிசகினால் உள்ளே குருதி கசியச் செய்யும் மாத்திரை அது. அதனாலேயே அதை உண்போரை மருத்துவமனை அடிக்கடி அழைத்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறது. அதைத்தான் நாங்கள் வீடிழந்து நிற்கும் முன்பின் அறியாத ஒருவர் கையில் கொடுப்பதாக இருந்தோம்.

இவை அனைத்தினும் என்னை உலுக்கியது ஒரு பிஸ்கட் தகரம். என் ஞாயிறு வகுப்பு மாணவி ஒருத்தி, எட்டு வயதுச் சிறுமி, அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். உள்ளே மூன்று மாதத்திற்கான நீரிழிவு மாத்திரைகள், அரசு மருந்தகத்தின் உறையோடு, பிரிக்கப்படாமல் இருந்தன. உறையின் மேல் அவள் பாட்டியின் பெயர். நாள், அதற்கு முந்திய மாதம்.

“பாட்டிக்கு இது வேணாம் சார். அவங்க சாப்பிடறதே இல்ல” என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அறிக்கையை வாசித்து, அதிலுள்ள “தேவைப்படாமல் இருக்கும்” என்ற சொற்களுக்கு ஒரு குழந்தை கொள்ளக்கூடிய நேர்பொருளைக் கொண்டிருந்தாள். அன்று மாலை அத்தகரத்தோடு அவ்வீட்டிற்குச் சென்றேன். பாட்டியின் இடக்காலில் துணி சுற்றியிருந்தது. எத்தனை நாளாய் என்று கேட்டேன். வலியே இல்லை, அதனால் கணக்கு வைக்கவில்லை என்றார். நீரிழிவில் வலியற்ற புண்ணே அஞ்சத்தக்க புண் என்பதை அறிந்தவர் அறிவர். இரண்டு மாதம் கழித்து அவருடைய இரண்டு விரல்களை மருத்துவர் எடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் மருந்து மிஞ்சுகிறது என்றால் என்ன பொருள்? நோய் தீர்ந்ததால் மிஞ்சுவது உண்டு. நோயாளி இறந்ததால் மிஞ்சுவதும் உண்டு. உண்ணாததால் மிஞ்சுவதும் உண்டு. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவரை நெருங்கும் கணக்கு இது. இந்தச் சமூகத்தின் அடுக்களை அலமாரிகளில் நீரிழிவு மாத்திரை மிஞ்சிக் கிடக்கிறதென்றால் அதைச் செல்வம் என்று எண்ணி அள்ளிக் கொடுக்கக் கிளம்புவது எத்தகைய அறியாமை! அது உபரி அன்று. சொல்லப்படாத ஒரு நோயின் முறையீடு அது. அதைத் திரட்டி மூட்டை கட்டிய நாங்கள், அந்த முறையீட்டைத்தான் வாய் கட்டினோம்.

“எறிவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேல் அன்றோ?” என்பார் உளர். மூத்த எழுத்தாளர் ஒருவரே என்னிடம் கோபத்தோடு இவ்வாறு கேட்டார். அவர்க்கு இரண்டு விடைகள் சொன்னேன்.

முதலாவது, இந்நாட்டு ஏழைக்கு இல்லாதது மாத்திரை அன்று. குடிமகன் எவரும் அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் மருத்துவரையும் பார்க்கலாம், மருந்தும் பெறலாம். அந்த ஒரு வெள்ளி கிளினிக்கிற்குச் சென்று சேர வண்டி இல்லை. அரைநாள் விடுப்புக் கேட்டால் சம்பளம் போகும். வரிசையில் நிற்கக் கால் இல்லை. மலாயில் எழுதிய உறையை வாசித்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. இவற்றில் எதையும் நம் மூட்டை தராது. குடியுரிமை இல்லாதவர்க்குக் கட்டணம் வேறு. அவர் துன்பமும் பெரிது. அதற்கும் பெயரில்லாத மாத்திரை விடையாகாது.

இரண்டாவது விடையை மலாக்கா நீரிணைக்கு அப்பால் காணலாம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அச்சே மாநிலத்திற்கு உலகமே மருந்து அனுப்பியது. இருபது இலட்சத்திற்கும் குறைவான மக்களுக்கு 4,000 டன். மறு ஆண்டு ஒரு மருந்தாளர் அமைப்பு சென்று ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு இந்தோனேசியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இல்லாதவை; 70 விழுக்காட்டின் உறைகள் உள்ளூர் மக்கள் அறியாத மொழிகளில் இருந்தன. 600 டன்னை அழித்தாக வேண்டும், அதற்கு 24 இலட்சம் யூரோ ஆகும் என்று அவ்வாய்வு கணக்கிட்டது. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஊர், பிறர் வீட்டு மருந்துக் குப்பையை எரிக்கவும் பணம் தேட வேண்டிய நிலை! 1988ஆம் ஆண்டு ஆர்மீனிய நிலநடுக்கத்திலும் இதுவே நடந்தது. 5,000 டன் மருந்து வந்து குவிய, அதைப் பிரித்து அடுக்க 50 பேர் ஆறு மாதம் உழைத்தனர். அந்த ஐம்பது பேரும் அந்த ஆறு மாதத்தில் வேறு என்னென்ன செய்திருக்கலாம்!

ஆர்மீனியாவில் நடந்தது போன்றவற்றைக் கண்டுதான் உலகச் சுகாதார நிறுவனம் 1996ஆம் ஆண்டில் மருந்துக் கொடைக்கு நெறிமுறை வகுத்தது. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடு என்பது அதன் அடிப்படை. நோயாளிகள் திருப்பித் தந்த மருந்தை அனுப்பாதே. போய்ச் சேரும்போது ஓராண்டேனும் ஆயுள் உள்ளதை அனுப்பு. உன் நாட்டில் நீ ஏற்காத தரத்தைப் பிறர்க்குத் தராதே. ஜெனீவாவில் அமர்ந்து எழுதிய அறிஞர்கள் எச்சவியலைப் படித்திருக்க மாட்டார்கள். படித்த நாம்தான் மறந்தோம்.

கருவிகளின் கதையும் வேறன்று. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு 16 நாடுகளில் 1,12,000க்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்தது, 38.3 விழுக்காடு இயங்காமல் கிடந்தன. பழுது பார்க்க ஆள் இல்லை, மாற்று உறுப்பு இல்லை, கையேடு இல்லை. 110 வோல்ட்டுக்குச் செய்த கருவியை 240 வோல்ட் சுவரில் செருகியதும் புகைந்து போவதற்குப் பெரிய அறிவியல் வேண்டியதில்லை. எங்கள் மண்டபத்திற்கும் ஒரு சக்கர நாற்காலி வந்தது. ஒரு சக்கரம் இல்லை. கொடுத்தவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். சக்கரம் இருக்க வேண்டிய பக்கத்தைத் தம் காலால் மறைத்து நின்றார் என்பதைப் பின்னர்தான் கவனித்தோம்.

பழுதான கருவியைப் பொறுப்பின்றிக் கைவிடுவது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குப் பக்கத்து நாடே சான்று. 2000ஆம் ஆண்டு தாய்லாந்தின் சமுத் பிராக்கானில், பாதுகாப்பின்றிப் போட்டு வைத்திருந்த பழைய புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவியின் தலைப்பகுதி பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. உடைத்துப் பார்த்தவர்களும் கடையில் நின்றவர்களும் கோபால்ட் கதிருக்கு ஆளாயினர், மூவர் இறந்தனர். நம் வீடுகளில் கோபால்ட் இல்லைதான். ஆனால் பாதரச வெப்பமானி உண்டு, இன்சுலின் ஊசி உண்டு. குப்பைப் பையில் வெறுமனே எறிந்த ஊசி, அதைத் தூக்கும் தொழிலாளியின் உள்ளங்கைக்குள் இறங்கும். அத்தொழிலாளி யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே என் தந்தையை நினையாமல் இருக்க இயலவில்லை. காசல்பீல்டு, கின்றாரா என்ற பெயர்களை இன்று தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. ஒரு காலத்தில் அவை பால்மரம் நின்ற தோட்டங்கள். அப்படியொரு தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் டிரஸ்ஸர் ஒரே புட்டியிலிருந்து ஊற்றித் தருவார் என்பார். என்ன மருந்து என்று கேட்டால் அதட்டல்தான் விடையாகக் கிடைக்குமாம். பெயர் தெரியாததை வாய் பேசாமல் விழுங்க வேண்டும், ஏனென்றால் இலவசம். அந்த அவமானத்தைச் சொல்லிச் சொல்லியே எங்களைப் படிக்க வைத்தார். அவர் மகன் பெயர் தெரியாத மாத்திரையை மூட்டை கட்டி, இலவசம் என்று வழங்கப் புறப்பட்டான்.

அப்படியானால் எறிந்துவிடலாமா? அதுவும் ஆகாது. பூச்சோங் மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1995 முதல் 2006 இறுதிவரை கிள்ளான் பள்ளத்தாக்கின் குப்பையை ஆயர் ஈத்தாம் நிலத்தில் சுமந்தது நம் ஊர். குப்பையில் இட்டது மறைந்து போவதில்லை. மழை இறங்க, கசிந்து கீழே ஓடுகிறது. கழிவறையில் ஊற்றினால் சுத்திகரிப்பு நிலையம் மருந்தை முழுவதும் பிரித்தெடுக்காது. லங்காட் ஆற்று நீரில் மருந்துகளின் தடயத்தை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர்.

வழி இல்லாமல் இல்லை. வேண்டாத மருந்தைத் திரும்பப் பெற்று முறையாக அழிக்கும் திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2010 முதல் நடத்தி வருகிறது. அரசு மருத்துவமனை மருந்தகத்திலும் கிளினிக் மருந்தகத்திலும் கொண்டுபோய்த் தரலாம். ஊசிகளைத் தடித்த நெகிழிப் புட்டியில் இட்டு மூடி, எங்கே ஒப்படைப்பது என்று அங்கேயே கேட்கலாம். எங்கள் மூட்டைகளும் இறுதியில் அவ்வழியேதான் போயின. ஆனால் இதற்கு மாலை இல்லை, மேடை இல்லை, படம் இல்லை. கோயில் மண்டபங்களில் மருந்து திரட்டுவோர் உண்டு. அதே மண்டபச் சுவரில் இத்திட்டத்தைப் பற்றிய தமிழ் அறிவிப்பு ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. எழுதித் தருவதற்கு இத்தனை தமிழாசிரியர்கள் இருக்கிறோமே!

ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கொடையாளனின் செல்வத்தை மருந்து மரத்திற்கு ஒப்பிடுகிறார். அவ்வுவமையைக் காட்டி என்னை மடக்கப் பார்த்தார் அந்த மூத்த எழுத்தாளர். நோயாளி தனக்கு வேண்டியதைத் தானே பறித்துக்கொள்ள ஓரிடத்தில் நிற்பதுதான் மரம், ஐயா. தன் சருகைக் கூட்டி அடுத்தவர் வீட்டு வாசலில் கொட்டுவதில்லை என்றேன். அதன்பின் அவர் என்னோடு சில மாதம் பேசவில்லை.

சென்ற ஆண்டு அறிக்கை எழுதும் பொறுப்பு மீண்டும் என்னிடமே வந்தது. இம்முறை எழுதுவதற்குமுன் பதினான்காம் கல்லைச் சுற்றிய குடியிருப்புகளில் பதினோரு வீடுகளுக்கு மாணவர் இருவரோடு சென்று, என்ன வேண்டும் என்று கேட்டேன். கேட்டதையே அறிக்கையாக்கினேன். பிரேக் பிடிக்கும் சக்கர நாற்காலி, ஒன்று. நான்கு முனை ஊன்றுகோல், இரண்டு. மருந்து உறையைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஓர் ஆள், வாரம் ஒருமுறை. செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் டயாலிசிஸ் மையத்திற்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவர ஒரு கார், விடியல் 5.30க்கு. அந்தப் பாட்டி கேட்டது, கால் நகம் வெட்டிவிடக் கண் தெரிந்த ஒருவர்.

நாற்காலி இரண்டு வந்தன. ஒன்றைத் திருப்பி அனுப்பினோம். கார் ஓட்ட நால்வர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமைக்கு இன்னும் ஆள் தேவை.