மணமகன் இல்லாத மணவிழா



ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகள் ஆறு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். அழைப்பு வந்தால் அதனை ஏற்றுச் செல்வது அவற்றுள் ஒன்று. சொந்த ஊரில் இக்கடமையை நிறைவேற்றுவது எளிது. யார் வீட்டில் எங்கே அமர்வது, என்ன பேசுவது, எவ்வளவு மொய் எழுதுவது என்பதெல்லாம் நாம் சிறு பிராயம் முதலே அறிந்தவை. மொழியும் வழக்கமும் தெரியாத அயல்நாட்டில் அத்தகைய அழைப்பு வரும்போதுதான் இக்கடமையின் முழுப் பொருளும் விளங்குகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் அட்லாண்டிக் கடலோரம் அமைந்த செனகல் நாட்டின் தலைநகர் டக்கார். அங்கே நான் சில காலம் தங்கியிருந்தபோது, அண்டை வீட்டுப் பெரியவர் தம் மகளின் திருமணத்துக்கு என்னை அழைத்தார். அவ்விழாவில் நான் கண்டவற்றையும், அங்கே என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியையும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

செனகல் மக்களுள் 100-க்கு 95 பேருக்கும் மேல் முஸ்லிம்கள். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1960-ஆம் ஆண்டு விடுதலை பெற்ற அந்நாட்டில் மாலிகி மத்ஹபு பின்பற்றப்படுகிறது. திஜானிய்யா, முரீதிய்யா ஆகிய தரீக்காக்கள் மக்கள் வாழ்வில் ஆழ வேரூன்றியுள்ளன. பெரும்பாலோர் பேசும் வொலோஃப் மொழியில் ‘தெராங்கா’ என்றொரு சொல் உண்டு. விருந்தினரை மதித்துப் பேணும் பண்பைக் குறிக்கும் அச்சொல்லையே அம்மக்கள் தங்கள் நாட்டின் அடையாளமாகக் கருதுகின்றனர்.

நிக்காஹ் அஸர்த் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் நடைபெறும் என்றார்கள். அத்தரும் பூசி, உரிய நேரத்தில் சென்று சேர்ந்தேன். மாலிகி மத்ஹபினர் தொழுகையில் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு நிற்பார்கள். அந்த ஸஃபில் கைகளைக் கட்டி நின்றவன் நான் ஒருவனே. எவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொழுகை முடிந்ததும் இமாமைச் சுற்றி இரு வீட்டுப் பெரியவர்களும் அமர்ந்தனர். நான் மணமகனைத் தேடினேன். மாலையுமில்லை, மேடையுமில்லை, மணமகனும் இல்லை. மணமகன் தரப்பில் அவருடைய சிறிய தந்தையார் பெண் கேட்டார். மணமகளின் வலீ இசைவளித்தார். மஹர்த் தொகை அனைவரும் கேட்க அறிவிக்கப்பட்டு, அங்கேயே ஒப்படைக்கப்பட்டது. இமாம் துஆ ஓதினார். கால் மணி நேரத்துக்குள் நிக்காஹ் முடிந்துவிட்டது.

பின்னர் கோலாக் கொட்டைகளும் இனிப்பும் வந்திருந்த அனைவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. நம் நாட்டில் வெற்றிலை பாக்குக்கு உள்ள மதிப்பு அங்கே அந்தக் கொட்டைக்கு உண்டு. வாயிலிட்டால் கடுங்கசப்பு. அதன்பின் தண்ணீர் அருந்தினால் நாவில் இனிப்புத் தோன்றும். அதைப் பெற்றுக்கொண்டவர் இத்திருமணத்துக்குச் சாட்சியாகிறார். வீட்டுக்குக் கொண்டு சென்று பிறருக்கும் கொடுப்பார். அதனால் மணச்செய்தி தெருவெங்கும் பரவும். என் கையிலும் ஒரு கொட்டையை வைத்தார்கள். பார்வையாளனாகச் சென்ற அயலான் அந்தக் கணத்தில் சாட்சியாகிவிட்டேன்.

“மணமகன் எங்கே?” என்று அருகிலிருந்தவரிடம் மெல்லக் கேட்டேன். இத்தாலியில் வேலை செய்வதாகவும், அடுத்த விடுமுறையில்தான் வருவார் என்றும் கூறினார். உள்ளூரிலேயே இருக்கும் மணமகன்கூடப் பள்ளிவாசலுக்கு வராமல், பெரியவர்களை அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பது அங்கே சாதாரண வழக்கமாம். மணமகன் வாயால் ‘கபூல்’ என்று சொல்லக் கேட்டே பழகிய என் மனம் சற்றுத் துணுக்குற்றது.

மார்க்கச் சட்டத்தில் இதற்குத் தடையேதும் இல்லை. வகீலை நியமித்து நிக்காஹ் முடிப்பதை மத்ஹபுகள் ஒப்புக்கொள்கின்றன. அண்ணலாரின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் மக்காவின் கொடுமைக்கு அஞ்சி அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றவர்கள். அங்கே கணவரையும் இழந்து, அயல்நாட்டில் ஆதரவின்றி நின்றார்கள். அப்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்து அவர்களை மணம் கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். மன்னர் நஜ்ஜாஷியே அந்த நிக்காஹை நடத்தி, மஹரையும் தம் செல்வத்திலிருந்து கொடுத்தார். அது 400 தீனார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். அந்நிக்காஹ் நடந்ததும் ஆப்பிரிக்க மண்ணில்தான், மணமகனார் அவையில் இல்லாமல்தான்! கிதாபுகளில் பலமுறை ஓதிக் கொடுத்த செய்திதான். ஆயினும், டக்கார் பள்ளிவாசலில் அமர்ந்தபோதே அது என் உள்ளத்தைத் தொட்டது.

வீட்டுக்குத் திரும்பியதும் விருந்து. பெரிய வட்டத் தட்டு ஒன்றில் இறைச்சியோடு சமைத்த சோறு வந்தது. அறுவர் அதனைச் சுற்றி அமர்ந்தோம். காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் நம்மவர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பதை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதாக இராது. வலக்கையால், தனக்கு முன்னுள்ளதை மட்டும் உண்ண வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சிறுவருக்குக் கற்பித்த ஒழுங்கு அங்கே தவறாமல் பேணப்பட்டது. வீட்டுக்காரர் நல்ல இறைச்சித் துண்டுகளைப் பிய்த்து என் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். அவர்கள் விரும்பிச் சமைப்பது நொய்யரிசி. அதில் பெரும்பகுதி ஆசிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அந்நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மொழி தெரியாதவனுக்கு அந்தத் தட்டே மொழியாயிற்று.

மாலை மங்கியதும் காட்சி மாறியது. தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் பெண்கள் கூடினர். கஞ்சியிட்டு மினுக்கிய பல வண்ண ஆடைகளின் பகட்டு கண்ணைப் பறித்தது. கிரியோக்கள் எனப்படும் பரம்பரைப் பாடகர்கள் இரு குடும்பங்களின் முன்னோர் பெயர்களைச் சொல்லிப் புகழ்ந்தனர். புகழப்பட்டவர்கள் பணத்தை அள்ளிக் கொடுத்தனர். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது கூட்டத்தில் உரக்க அறிவிக்கப்பட்டது. இன்று பெற்றவர் நாளை கொடுத்தவர் வீட்டு விழாவில் அதைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டுமாம். நம்மூர் மொய்ப் பழக்கத்தின் தமக்கை என்று சொல்லலாம்.

பள்ளிவாசலில் கால் மணி நேரத்தில் எளிமையாக முடிந்த காரியத்துக்கு, வெளியே இத்தனை ஆடம்பரமா என்று என் மனம் கேட்டது. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று கண்டிக்கும் 17-ஆவது அத்தியாயத்தின் 27-ஆவது வசனம் நினைவுக்கு வந்தது. இமாமிடம் இதைப் பற்றிப் பேசியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். அயல்நாட்டு விழாவுக்குச் செல்லும் கற்றவர்களைப் பிடிக்கும் நோய் இது. உண்ட தட்டின் ஈரம் கையில் உலருமுன் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுவோம்.

இமாம் அரபு மொழியில் நன்கு பேசக்கூடியவர். நான் வாய் திறக்குமுன் அவரே விருந்தோம்பும் முறையில் கேட்டார்: “ஷைகு அவர்களே, உங்கள் நாட்டில் மஹர் எவ்வளவு கொடுப்பார்கள்?” சொன்னேன். “அத்துடன் மணமகன் வீட்டார் வேறென்ன கொடுப்பார்கள்?” என்றார்.

நான் தயங்கினேன். பிறகு, “கொடுப்பதைவிட வாங்குவதே எங்களிடம் அதிகம்” என்றேன். என் அரபு எங்கோ பிழைபட்டுவிட்டது என்று எண்ணிய அவர், அதே கேள்வியை இன்னும் எளிய சொற்களில் நிதானமாக மறுபடி கேட்டார்! நானும் விளக்கினேன். மஹர் சில ஆயிரமாகத் தஃப்தரில் எழுதப்படும். ஆனால் பல ஊர்களில் அதற்கு முன்பே பெண்ணின் தந்தை கைக்கூலி என்று பல இலட்சமும், நகையும், சீர்வரிசையும் மணமகன் வீட்டுக்குக் கொடுத்திருப்பார் என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “எதற்காக?” என்று ஒரே சொல்லில் கேட்டார்.

நான் ஓதிய எந்தக் கிதாபிலும் அதற்கு விடை இல்லை. பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு திருமறையின் 4-ஆவது அத்தியாயம் 4-ஆவது வசனம் ஆண்களுக்கு ஆணையிடுகிறது. கொடுக்கக் கட்டளையிடப்பட்டவன் வாங்குவதற்கு எந்த மத்ஹபில் இடம் உண்டு? ஆடம்பரத்தைக் கண்டிக்கப் புறப்பட்ட நான் தலைகுனிந்து அமர்ந்தேன்.

இமாம் பெருந்தன்மையுள்ளவர். தம் சமுதாயத்தின் குறையையும் மறைக்கவில்லை. மஹரோடு மணமகன் தர வேண்டிய பரிசுப் பொருள்களும், விழாச் செலவும் பெருகியதால் இளைஞர் பலர் மணமுடிக்க இயலாமல் ஆண்டுகளைக் கழிக்கின்றனர் என்று வருந்தினார். குடும்ப விழாக்களில் மிகைச் செலவைத் தடுக்க 1967-ஆம் ஆண்டே அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. பந்தலில் நான் கண்டது அச்சட்டத்துக்குப் பின்னும் தொடர்கிற வழக்கம்தான். நம் நாட்டிலும் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதனால் கைக்கூலி ஒழிந்துவிட்டதா என்பதை உங்கள் தெருவைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

இரு நாட்டிலும் நோய் ஒன்றே. அங்கே அதன் சுமை மணமகன் தோளில் விழுகிறது. இங்கே பெண்ணைப் பெற்றவன் தோளில் விழுகிறது. இரும்பு மோதிரமாயினும் மஹராகத் தேடிக் கொண்டுவரும்படி ஏழைத் தோழரிடம் சொன்ன மார்க்கத்தில், அங்கே ஆண் காத்திருக்கிறான். இங்கே பெண் கண்ணீர் விடுகிறாள். எனினும் ஒரு வேற்றுமையை மறைக்கலாகாது. அவர்கள் செய்வது ஆகுமான ஒன்றில் வரம்பு கடப்பது. நாம் செய்வதோ இறைவனின் கட்டளையையே தலைகீழாகத் திருப்புவது.

நம்மிடையே கைக்கூலி வாங்காமல், மஹர் கொடுத்து மணமுடிக்கும் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள் என்பதையும், அதற்காகப் போராடும் ஜமாஅத்துகள் உள்ளன என்பதையும் நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாட்சிகளாகிய நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பேர் தஃப்தரில் ஒப்பமிடுகிறார்கள். மஹர் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும். கைமாறிய தொகை எவ்வளவு என்பதும் தெரியும். முதலாவதற்குச் சாட்சி சொல்லி, இரண்டாவதைப் பற்றி வாய்மூடி, பிரியாணி உண்டு திரும்புகிறோம். பிறரைக் குறை கூறவில்லை. எத்தனையோ நிக்காஹ் மஜ்லிஸ்களில் குத்பா ஓதியவன் நான். கைக்கூலி வாங்கினீர்களா என்று அவற்றுள் எத்தனை இடங்களில் கேட்டேன் என எண்ணிப் பார்த்தால், ஒரு கை விரல்களே மிஞ்சிவிடும்.

அழைப்பை ஏற்பது கடமை என்று தொடங்கினேன். அக்கடமைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் சட்ட மேதைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். விழாவில் மார்க்கம் வெறுக்கும் செயல் நடைபெற, அதனைத் தடுக்க இயலாத நிலையிருந்தால், அழைப்பை ஏற்கும் கடமை நீங்கிவிடுகிறது. ஆகவே என் கருத்து இதுதான்: கைக்கூலி பெற்று நடக்கும் நிக்காஹில் ஆலிம் குத்பா ஓத வேண்டாம், பெரியவர்கள் சாட்சியாக அமர வேண்டாம். உறவு கெடுமே என்பீர்கள். முன்கூட்டியே சென்று, அன்போடு, தனிமையில் கேளுங்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டால் முதல் ஆளாகச் சென்று விருந்துண்ணுங்கள். கேட்க மறுத்தால், மணமக்களுக்காக வீட்டிலிருந்தே துஆச் செய்யுங்கள்.

பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ கடல் கடந்து செல்லும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. செல்லும் நாட்டில் மணவிழாவுக்கு அழைத்தால் மறுக்காமல் செல்லுங்கள். அவர்கள் தட்டில் உண்ணுங்கள். உங்களுக்குப் புரியாத வழக்கத்தை உடனே பித்அத் என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் அவர்களுடைய மத்ஹபு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். குறை கண்டால், அதே குறை நம் வீட்டில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று ஒரு முறை தேடிப் பாருங்கள்.

அன்று பெற்ற கோலாக் கொட்டையை ஊருக்குக் கொண்டுவந்து என் மகன் கையில் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டுக் கசக்கிறதே என்றான். தண்ணீர் குடி, இனிக்கும் என்றேன். அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்த காலம் அது. மஹர் எவ்வளவு தர வேண்டும் என்ற பேச்சை மட்டுமே அன்று முதல் எங்கள் வீட்டில் பேசினோம்.

கொடுக்கும் கையை நம் ஆண்மக்களுக்கும், கேட்கும் துணிவை நம் சாட்சிகளுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.